மாளிகை வார்டுகளில் யார் வேலை செய்தார்கள்?

நண்பர்களே, முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு இங்கிலாந்தின் பெரிய குடும்பங்கள் தங்கள் மாளிகைகளைத் திறந்துவிட்டன என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ஹைகிளேர் கோட்டை அப்படித் திறந்தது, வோபர்ன் அபேயும் திறந்தது. ஆனால் மாளிகையின் பெயர் நம் நினைவில் நிற்கிற அளவுக்கு, அங்கே பாத்திரம் தேய்த்தவரின் பெயர் நிற்பதில்லை. எனக்கு அந்த ஆதங்கம் உண்டு. அதைத்தான் இன்று பேச வந்தேன்.

இந்த ஏற்பாடு திடீரென்று முளைத்ததல்ல. 1909இலேயே, போர் வந்தால் காயம்பட்டவர்களைக் கவனிக்க, ஊர் ஊராகத் தன்னார்வ உதவிப் படைகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். 1914இல் போர் வந்ததும் செஞ்சிலுவைச் சங்கமும், முதலுதவித் தொண்டு செய்யும் புனித ஜான் அமைப்பும் கைகோத்தன. போர் முடிவதற்குள், இப்படித் திறந்துவிட்ட மாளிகைகளையும் சேர்த்து, 3,000க்கும் மேற்பட்ட துணை மருத்துவமனைகள் இயங்கின. தலைமைத் தாதி, பொருள் பொறுப்பாளர், உள்ளூர் டாக்டர் என்று சிலர் இருப்பார்கள். மற்ற வேலையெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையில்தான். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, சில மணி நேரம் உழைத்துவிட்டுப் போனார்கள்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் டனம் மாஸி என்றொரு மாளிகை. 1917 ஏப்ரலிலிருந்து 1919 தொடக்கம் வரை அது ஸ்டாம்ஃபோர்டு ராணுவ மருத்துவமனை. 282 சிப்பாய்கள் அங்கே தங்கிக் குணமானார்கள். விருந்தினர் கூடம் வார்டாக மாறியது. பெரிய மாடிப்படியின் அடியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. யோசித்துப் பாருங்கள், விருந்தாளிகள் பட்டாடையோடு இறங்கிவந்த படிக்கட்டு அது! அந்த வீட்டு மகள் ஜேன் கிரேயும் தாதி உடை அணிந்தார். ஒருவருக்கு மண்டையோட்டைத் திறந்து சிகிச்சை நடந்தபோது டாக்டருக்கு டார்ச் பிடித்து நின்றவர் அவர்தான். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

மாளிகைக்கு வெளியேயும் பலர் உழைத்தார்கள். பஞ்சு போதாதபோது சதுப்பு நிலத்துப் பாசியைச் சேகரித்து, சுத்தம் செய்து, உலர்த்தி, காயத்துக்குக் கட்டும் பட்டையாக்கினார்கள். ஈரத்தை உறிஞ்சுவதில் அது பஞ்சைவிட மேல். காயம்பட்டவர்களுக்காக நாடெங்கும் முட்டை சேகரித்தார்கள். குழந்தைகள் முட்டை ஓட்டில் தங்கள் பெயரை எழுதி அனுப்பினார்கள்.

சிப்பாய்களுக்கும் பெரிய ராணுவ மருத்துவமனையைவிட இந்தத் துணை மருத்துவமனைகள்தான் பிடித்திருந்தன. கூட்டம் குறைவு, கெடுபிடியும் குறைவு. நோயாளிகளுக்கென்று தந்த நீல உடை, வெள்ளைக் கழுத்துப் பட்டை, சிவப்பு டை என்று தோட்டத்தில் உலாவினார்கள். அந்த உடையைக் கண்டால் மதுக்கடையில் ஊற்றித் தரக்கூடாது என்பது அன்றைய சட்டம்.

சரி, குணமானவர் எங்கே போனார்? உடம்பு தேறிய பலர் மறுபடி போர்முனைக்கே போனார்கள். எனக்கு மனம் கனக்கும் இடம் இதுதான். காய்ச்சலில் பிதற்றியவனுக்கு இரவெல்லாம் விழித்திருந்து, கஞ்சி ஊட்டி, நடக்கப் பழக்கிய பெண்ணே அவனை ரயிலேற்றி அனுப்ப வேண்டும். அவன் பிழைத்தானா என்று அவளுக்குப் பல நேரம் தெரியாமலே போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1918இல் பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. ஆனால் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், சொத்துத் தகுதியும் வேண்டும். புண்ணைக் கழுவிய இளம்பெண்களில் எத்தனையோ பேர் அதற்கு வெளியே நின்றார்கள். ஆண்களுக்கு இணையான வாக்குரிமைக்கு 1928 வரை காத்திருந்தார்கள்.

அந்தப் பெண்களில் பலருடைய சேவை அட்டைகளைச் செஞ்சிலுவைச் சங்கம் பத்திரமாக வைத்திருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். பெயர், செய்த வேலை, உழைத்த மணிக்கணக்கு எல்லாம் அதில் உண்டு. இங்கே இருக்கும் மாணவர்களே, அடுத்த முறை ஒரு மாளிகையைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது, அந்த ஊர் அட்டைகளை முதலில் எடுத்துப் படியுங்கள்.