ஷஸ்லேயின் செங்காவி மதிலுக்குள் 196 கல்லறைகள்

[காட்சி: வயல்வெளி நடுவே செங்காவி மதில், மூலைக் கோபுரங்கள்]

பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே, ஷஸ்லே என்னும் சிற்றூரின் வயல்களுக்கிடையே நிற்கும் இந்தச் செங்காவி மதில், அந்த வட்டாரத்துக் கட்டடங்கள் எதையும் ஒத்திருக்கவில்லை. கூம்பு வடிவக் கோபுரங்களும் அவற்றில் துருத்தி நிற்கும் மரக்கழிகளும் மேற்கு ஆப்பிரிக்க மண்கோட்டைகளின் பாணியில் அமைந்தவை. ஆனால் இது பிரெஞ்சு அரசின் தேசிய ராணுவக் கல்லறை.

உள்ளே இருக்கும் 196 கல்லறைகளில் 188, 'செனகல் துப்பாக்கி வீரர்கள்' எனப்பட்ட படையினருடையவை. பெயர்தான் செனகல், இன்றைய மாலி, கினி, புர்கினா ஃபாசோ, ஐவரி கோஸ்ட் என்று தன் ஆளுகையில் இருந்த பகுதிகளிலிருந்தெல்லாம் பிரான்ஸ் இவர்களைத் திரட்டியது, பலரைக் கட்டாயமாகவே சேர்த்தது. எஞ்சியவர்களில் ஆறு பேர் வட ஆப்பிரிக்கர்கள், இருவர் பிரெஞ்சு ராணுவத்தில் பிற நாட்டவரைக் கொண்ட வெளிநாட்டவர் படையணியினர்.

[காட்சி: 1940 ஜூன், லியோன் சுற்றுவட்டார வரைபடம்]

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் பிரான்சுக்குள் முன்னேறிக்கொண்டிருந்தன. 1940 ஜூன் 17 அன்று, சண்டையை நிறுத்தியாக வேண்டும் என்று பிரான்சின் புதிய பிரதமர் பெத்தான் வானொலியில் அறிவித்துவிட்டார். லியோனும் தற்காப்பற்ற திறந்த நகரமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும், நகருக்கு வடக்கே எதிரியைத் தாமதப்படுத்தும் பொறுப்பு இவர்களின் 25-ஆம் படைப்பிரிவின் தலையில் விழுந்தது. ஜூன் 19, 20 ஆகிய இரு நாட்களும் போரிட்ட பின்பே ஷஸ்லேயில் இருந்தவர்கள் சரணடைந்தார்கள்.

அதன்பின் நடந்ததைப் போர் என்று சொல்ல முடியாது. ஜெர்மானியர்கள் கைதிகளை நிறம் பார்த்துப் பிரித்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆப்பிரிக்க வீரர்களை ஒரு வயலுக்கு ஓட்டிச் சென்று, பீரங்கி வண்டிகளின் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டார்கள். இது நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். படையின் செயல் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2019-இல் கிடைத்த புகைப்படங்கள், இதைச் செய்தவர்கள் வழக்கமான ஜெர்மன் ராணுவத்தின் கவச வண்டி வீரர்கள் என்பதைக் காட்டின. வெறிபிடித்த ஒரு சிறு கூட்டத்தின் மீது மட்டும் பழியைப் போட்டு ஆறுதல் கொள்ள இனி வழியில்லை.

[காட்சி: முகமூடிகள் செதுக்கிய மரக்கதவு, வரிசையாகக் கல்லறைகள்]

இந்த உடல்களை ஒன்றுசேர்த்தவர் ழான் மர்ஷியானி. போரில் பாதிக்கப்பட்டோருக்கான மாவட்ட அலுவலகத்தின் அதிகாரியான அவர், ஊர் ஊராகச் சென்று, ஆங்காங்கே புதைக்கப்பட்டிருந்தவர்களைத் தேடினார். படுகொலை நடந்த வயலுக்கு அருகில் தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கினார். அங்குள்ள மண்ணோடு கலப்பதற்காக செனகலின் டாக்கர் நகரிலிருந்து விமானத்தில் மண் கொண்டுவரப்பட்டது. பெத்தான் அரசு ஜெர்மனியோடு ஒத்துழைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஜெர்மானியர்களால் கொல்லப்பட்ட கறுப்பின வீரர்களுக்கு அவர்கள் மண்ணின் கட்டடக் கலையிலேயே நினைவிடம் எழுப்பத் துணிந்ததை நான் மிகப் பெரிய செயலாகக் கருதுகிறேன்.

1942 நவம்பர் 8 அன்று இந்த நினைவிடம் திறந்துவைக்கப்பட்டது. மூன்றே நாட்களில் ஜெர்மன் படைகள், அதுவரை தங்கள் ஆக்கிரமிப்புக்கு வெளியே இருந்த தென் பிரான்சுக்குள்ளும் புகுந்தன. ஆயினும் மதில் நிலைத்தது. 1966-இல் இது தேசியக் கல்லறையாயிற்று. ஊர், பெற்றோர், வயது எல்லாம் இருந்த மனிதர்கள்தான் இங்கே கிடக்கிறார்கள். ஆனாலும் பல கற்களில் இன்றுவரை 'அடையாளம் தெரியாதவர்' என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது.