டைகரை வரைஞ்ச கை

எல்லாருக்கும் வணக்கம். கேப்டன் டைகர் காமிக்ஸ் படிச்சவங்க கை தூக்குங்கன்னு கேட்டா இங்க பாதிப் பேர் தூக்குவீங்க, ஆனா அவரை வரைஞ்சவர் பேரு இன்னான்னு கேட்டா சட்டுனு வராது, அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

அவர் பேரு ழான் ஜிரோ. 1938ல ஃபிரான்ஸ்ல பொறந்தவரு. வாலிப வயசுல அம்மா இருந்த மெக்சிகோவுக்குப் போய் சில மாசம் தங்கினாரு, அங்க பார்த்த பாலைவனம் கடைசி வரைக்கும் அவர் கையை விட்டுப் போகவே இல்லை. ஜிஜேங்கிற பெரிய ஓவியர்கிட்ட தொழில் கத்துக்கிட்டாரு. 1963ல சார்லியேங்கிறவர் கதை எழுத இவரு ப்ளூபெர்ரிங்கிற கௌபாய் காமிக்ஸை வரைய ஆரம்பிச்சாரு, அந்த ப்ளூபெர்ரிதான் சிவகாசியில இருந்து தமிழ்ல நமக்கு டைகரா வந்தாரு.

தங்கக் கல்லறைங்கிற டைகர் கதையை நான் காட்பாடி ஸ்டேஷன்ல உக்காந்து படிச்சேன். கதை நடக்கிறது அரிசோனாவுல, ஆனா அந்தப் பாறைங்களைப் பார்த்தா எனக்கு மே மாசத்து வேலூர்தான் தெரிஞ்சுது, நம்ம மொட்டை மலைங்க, தண்ணியில்லாத பாலாத்து மணல், மத்தியானம் நிழலே இல்லாத ரோடு, இந்த வெயிலை ஒரு மனுஷன் வெறும் கருப்பு மையில எப்படிய்யா கொண்டு வந்தாருன்னு ரயிலைக்கூட கவனிக்காம பார்த்துட்டிருந்தேன்.

டைகருக்கு அவரு போட்ட கையெழுத்து ‘ஜிர்’. பெரும்பாலும் பிரஷ், அழுத்தமான கோடு. இன்னொரு பேரு மோபியஸ். ஒரு பேப்பர் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டினா அதுக்கு ஒரே பக்கம்தான் இருக்கும், அந்தப் பட்டையோட பேரு அது. மோபியஸ்ங்கிற பேர்ல வரைஞ்சா பேனா, மெல்லிசு கோடு, கனவு மாதிரி உலகம். 1975ல வந்த அர்சாக்ங்கிற காமிக்ஸ்ல ஒருத்தன் பெரிய பறவை மேல பறந்துட்டே இருப்பான், வசனமே கிடையாது, பேச்சு எழுதுற பலூன் ஒண்ணுகூட இல்லை! அப்புறம் ஏலியன், டிரான் படங்களுக்கு டிசைன், ஸ்டான் லீ கதை எழுதின சில்வர் சர்ஃபர் காமிக்ஸ், எல்லாத்துலயும் கை வச்சாரு. 2012ல இறந்துட்டாரு.

பல ஸ்டைல் வரையறவங்க நிறைய பேர் இருக்காங்க. இவரு ஒண்ணைப் பிடிக்க இன்னொண்ணை விடலை, மோபியஸா உலகமே கொண்டாடினப்பவும் திரும்பத் திரும்ப டைகர்கிட்ட வந்து குதிரையும் புழுதியும் வரைஞ்சாரு, எனக்கு அதுதான் பெருசு.

ரெண்டு பேர்லயும் அவரு வரைஞ்ச பாலைவனப் பக்கங்களை அந்த மேசை மேல வச்சிருக்கேன். டீ குடிச்சிட்டு வந்து பாருங்க, லென்ஸும் இருக்கு, பாறை மேல விழுற நிழலை மட்டும் கிட்டப் போய் பாருங்க.