தேர்வடமும் நாவலும்

(பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் நூலக விழாவில் பேசியது. வர முடியாத ஆசிரியர்கள் சிலர் எழுத்தில் வேண்டும் என்று கேட்டார்கள். பேச்சு போன போக்கிலேயே எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியவர்களே, தருமபுரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் நூலகத் துறை நண்பரே, காலையிலிருந்து வெயிலில் நின்று இந்தச் சாமியானாவைக் கட்டிக் கொடுத்த தம்பிகளே, சமையலை முடித்துவிட்டுக் கை ஈரம் காய்வதற்குள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சத்துணவு அக்காக்களே, அப்புறம் மண் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் என் செல்லப் பிள்ளைகளே.

மேலாண்மைக் குழுத் தலைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. இன்று விடியற்காலை நாலு மணிக்குத் தக்காளி மண்டியில் கூடை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் இங்கே நாற்காலி எண்ணிக்கொண்டு நின்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்தப் பள்ளிக்குப் புத்தக அலமாரி வேண்டும் என்று எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்பதைத் தலைமையாசிரியர் சொல்லக் கேட்டேன். அம்மா, உங்களுக்கு என் தனி வணக்கம்.

இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒரு நாவலைப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து படிக்கும்போது ஆளுக்கொரு வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, அது முதலாவது. எந்த நாவலை எடுப்பது, இரண்டாவது. இதற்குப் புத்தகமும் நேரமும் எங்கிருந்து வரும், மூன்றாவது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நம் ஊர்த் தேரைச் சொல்லியாக வேண்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்களே, அந்தப் பழமொழியை நான் வெறும் பழமொழியாகக் கேட்டு வளர்ந்தவள் இல்லை, கையால் தொட்டவள். தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத்தின்போது பெண்களே வடம் பிடித்து இழுக்கும் தேர் இருக்கிறது, உங்களில் பல பேர் இழுத்திருப்பீர்கள். அந்த வடத்தில் என் கையும் இருந்திருக்கிறது. இழுக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நிற்கிற நாலு பேர் இல்லாவிட்டால் தேர் வீட்டுத் திண்ணையில்தான் போய் ஏறும். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று ஆகிவிட்டது. தேரில் அதுதான் திருப்பும், அதுதான் நிறுத்தும்.

நாவல் படிப்பதும் அப்படித்தான். ஆறு பிள்ளைகள் ஒரு குழு, ஆறு பேர் கையிலும் ஒரே நாவல். ஒருவர் கேள்விக்காரர். அந்த வாரம் படித்த பகுதியிலிருந்து, புத்தகத்தில் நேராக விடை கிடைக்காத நாலைந்து கேள்விகளோடு அவர் வர வேண்டும். 'அவள் ஏன் அன்றைக்குக் கதவைத் திறக்கவில்லை' என்பது மாதிரியான கேள்விகள். முட்டுக்கட்டை அவர் கையில்தான் இருக்கிறது, பேச்சை அவர்தான் திருப்புவார். ஒருவர் கதையைச் சுருக்கிச் சொல்வார். ஒருவர் புரியாத சொல்லைத் தேடிப் பிடித்து வருவார். ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டத் தகுந்த நாலு வரியைக் குறித்து வருவார். ஒருவர் கதையை நம் ஊரோடு, வீட்டோடு முடிச்சுப் போடுவார். ஒருவர் படம் வரைவார், வரைந்ததை முதலில் விளக்காமல் காட்டுவார், இது என்ன என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் வேலை மாறும். 180 பக்க நாவல் என்றால் வாரம் 30 பக்கம், ஆறு வாரம். ஆறு வாரத்தில் ஆறு பேரும் ஆறு வேலையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவார்கள்.

இது என் மூளையில் உதித்தது இல்லை. அமெரிக்காவில் சிகாகோ பக்கத்து ஆசிரியர்களோடு வேலை செய்த ஹார்வி டேனியல்ஸ் என்பவர் இதைப் பற்றி 1994இல் ஒரு புத்தகமே எழுதினார். அவரே பிற்பாடு ஓர் எச்சரிக்கையும் சொன்னார். ஆளுக்கொரு வேலையை எழுதிக் கொடுக்கிற தாளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் கோடிட்ட இடத்தை நிரப்புகிற மாதிரி ஆக்கிவிடாதீர்கள், பேச்சு தானாக வந்துவிட்டால் தாளைத் தூக்கி வைத்துவிடுங்கள் என்றார். ஆசிரியர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். சுருக்கம் சொல்கிற பிள்ளை சட்டென்று ஒரு கேள்வி கேட்டால், 'அது உன் வேலை இல்லை, உட்கார்' என்று சொல்லிவிடாதீர்கள்.

சிகாகோவில் இருந்து வந்தது நமக்கு எதற்கு என்று யாராவது நினைத்தால், நம் ஊர் பாரதத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பகலில் ஒருவர் பாட்டைப் பாடுவார், ஒருவர் பொருள் சொல்லிப் பிரசங்கம் செய்வார், ராத்திரி கூத்துக்காரர்கள் அதையே ஆடிக் காட்டுவார்கள், கடைசியில் மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்து ஊரே படுகளம் பார்க்கும். ஒரு பெரிய கதையை ஊர் முழுக்க வேலை பிரித்துக்கொண்டு படித்த மண் இது. ஊர் கூடித் தேர் இழுத்த மண்.

சரி, ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் தமிழாசிரியையாக இருந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஒரு பையன், வாயே திறக்க மாட்டான். வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ், இரண்டுக்கும் நடுவில் பேச்சைத் தொலைத்துவிட்ட பிள்ளை. அவனுக்கு முதல் வாரம் விழுந்தது சொல் தேடுகிற வேலை. நாவல் அந்தக் காலத்துக் கிராமத்துக் கதை. அதில் ஒரு பெரியவர் விடிவதற்கு முன்னால் கவலை ஓட்டப் போகிறார் என்று வருகிறது. சுருக்கம் சொல்கிற பெண் எழுந்து, 'அவருக்கு மனசில் நிறையக் கவலை, அதனால் அதை ஓட்டுவதற்காக நடக்கப் போகிறார்' என்றாள். குழுவே தலையாட்டியது. கேள்விக்காரப் பையன், 'அவருக்கு என்ன கவலை, கடனா, மகள் கல்யாணமா' என்று கேட்க, கால் மணி நேரம் அந்தப் பெரியவரின் கவலையைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையன் மட்டும் நோட்டில் 'கவலை' என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். கதையில் அதே பக்கத்தில் எருது வருகிறதே, மனக்கவலைக்கு எருது எதற்கு என்று அவனுக்குச் சந்தேகம். ஆனால் சொல்லவில்லை.

மறுவாரம் அவன் தாத்தாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். தோளில் துண்டு, கையில் கோல், பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறார். 'டீச்சரம்மா, பேரன் கூப்பிட்டான், உள்ளே வரலாமா' என்றார். உள்ளே வந்து, துண்டை உதறிக் கீழே விரித்து, சுண்ணாம்புக் கட்டியை வாங்கித் தரையிலேயே கிணறு வரைந்தார். இது கிணறு, இது எருது போய்வருகிற சரிவு, இது வடம், இது தண்ணீர் மொள்ளுகிற சால், சாலுக்கு அடியில் இது தோல் தும்பி. எருது இரண்டும் சரிவில் இறங்கினால் சால் மேலே ஏறும், தும்பி வாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். எருது பின்னால் நகர்ந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். 'இதுக்குப் பேருதாம்மா கவலை. மோட்டார் வர்ற வரைக்கும் நான் ஓட்டினது' என்றார். அதோடு விட்டாரா, எழுந்து நின்று, வடத்து மேல் உட்கார்ந்து எருதை ஓட்டுகிற மாதிரி உடம்பைச் சாய்த்து, தெலுங்கும் தமிழும் கலந்து எருதுக்குக் குரல் கொடுத்தார் பாருங்கள், பக்கத்து வகுப்புப் பிள்ளைகளெல்லாம் ஜன்னலில் தொங்கினார்கள். கணக்கு ஆசிரியர் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன், அவரும் வந்து ஜன்னலில் நின்றார். வெயில் ஏறுவதற்குள் இறைத்து முடிக்கத்தான் இருட்டிலேயே போவோம் என்று தாத்தா சொன்னபோது, நாவலில் அந்தப் பெரியவர் ஏன் விடிவதற்கு முன்னால் கிளம்பினார் என்பது யாரும் சொல்லாமலே வகுப்புக்கு விளங்கிவிட்டது. எல்லாம் முடிந்து போகும்போது அந்தப் பையன் எழுந்து நின்று, முதல் தடவையாக வகுப்பைப் பார்த்துப் பேசினான். 'கவலைன்னா இதுதான். போன வாரம் நீங்க சொன்னது தப்பு.' அவ்வளவுதான். சுருக்கம் சொன்ன பெண்தான் முதலில் கை தட்டினாள்.

நான் அவனுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. வடத்தில் அவனுக்கென்று ஒரு பிடி இருந்தது, பிடித்தான்.

எந்த நாவலை எடுப்பது என்று கேட்பீர்கள். அந்த நாவலின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே எல்லாப் பள்ளியிலும் அதையே வாங்கிவிடுவீர்கள். பிள்ளைகள் முன்னால் நாலைந்து நாவலை வைத்து, முதல் இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டு, அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

ஆனால் நாலைந்து நாவல் எங்கே இருக்கிறது? நான் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது இதற்காகத்தான். அன்றைக்கு எங்களிடம் அந்த நாவல் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. பிளேடு வைத்துத் தையலைப் பிரித்து, 30 பக்கம் 30 பக்கமாக ஆறு கட்டு ஆக்கி, பழைய நோட்டு அட்டை போட்டுத் தைத்தேன். முதல் கட்டை ஆறு பேரும் முறை வைத்துப் படித்தார்கள். புத்தகத்தைக் கிழித்த கை இது, இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த நிலை இன்னொரு ஆசிரியருக்கு வரக் கூடாது. ஒரு பள்ளிக்கு ஒரு நாவலில் ஒரு பிரதி கொடுத்தால் அது அலமாரிக்கு அழகு. ஆறு பிரதி கொடுத்தால்தான் அது வகுப்புக்கு நாவல். நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும் என்று நூலகத் துறை நண்பரைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அடுத்தது நேரம். அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று எழுதியிருக்கும். பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை வந்தால் முதலில் காவு போவது அதுதான். நான் பார்த்த ஒரு பள்ளியில் நூலகப் பீரோவின் சாவி எங்கே என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பேரைக் கை காட்டினார்கள், திறந்தபோது கரையான் முதல் தட்டை முடித்துவிட்டு இரண்டாவது தட்டில் இருந்தது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார், அதில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். அவர் முயற்சியில் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று இருக்கும். வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. கூலி வேலைக்குப் போகிறவரும் கட்டுகிறார், தக்காளி மண்டிக்காரரும் கட்டுகிறார். பணம் கட்டுகிற நமக்குக் கேட்கிற உரிமை இருக்கிறது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்றால் ஊர் கூடிக் கேட்கவும் வேண்டும். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, எங்கள் ஊர் நூலகம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது, எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அங்கே சேர்த்தாயிற்றா என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நூலகப் பாடவேளையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். தலைவி அம்மா சரி என்று தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. 36 பிள்ளைகள் இருக்கிற வகுப்புக்கு ஆறு நாவல், ஆளுக்கு ஒன்று என்று 36 புத்தகம். ஒன்று 200 ரூபாய் என்று வைத்தாலும் 7,200 ரூபாய். புத்தகத் திருவிழாவில் பத்து சதவீதம் கழிவு தருவார்கள், 6,480 ரூபாயில் முடிந்துவிடும். கிடைத்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானின் ஊர்க்காரர்களிடம் கேட்கிறேன், கூச்சப்படாமல் கேட்கிறேன். ஒருவர் ஒரு புத்தகம் போதும். மேடைக்கு வலது பக்கம், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறோம், ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரைக்கும் எண் போட்டு. பேரும் ஊரும் எழுதினால் போதும், பணத்தைப் பிறகு தலைமையாசிரியரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வரி ஏற்கெனவே நிரம்பிவிட்டது. கூட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே சத்துணவு அக்கா ஒருவர் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வந்து தன் பேரை எழுதிவிட்டுப் போனார். இரண்டிலிருந்து காலியாக இருக்கிறது. பேனா நோட்டுக்குள்ளேயே இருக்கிறது, வாருங்கள்.