கைதி எண் 9653க்கு விழுந்த வாக்குகள்

நேயர்களுக்கு வணக்கம். போரை எதிர்க்கும் ஒருவர் இரண்டு பெரிய கட்சிகளையும் ஒதுக்கிவிட்டு, வெல்ல வாய்ப்பே இல்லாத மூன்றாவது கட்சிக்கு வாக்களித்தால் அந்த வாக்கு வீணா? அமெரிக்காவில் இன்றும் கேட்கப்படும் இக்கேள்விக்கு 1916ஆம் ஆண்டிலிருந்து விடை தேடுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

'நம்மைப் போரில் சிக்கவிடாதவர்' என்ற முழக்கத்தோடு குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் முதல் உலகப் போருக்கு நடுவே அந்த ஆண்டுத் தேர்தலில் மீண்டும் வென்றார். 1912இல் தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸை வேட்பாளராக நிறுத்தி ஏறத்தாழ 9 லட்சம் வாக்குகள் பெற்றிருந்த சோசலிஸ்ட் கட்சி, அவர் போட்டியிடாத இந்தத் தேர்தலில் 6 லட்சத்தைக்கூட எட்டவில்லை. அமைதியைக் காக்க வில்சன் போதும் என்று நம்பிய சோசலிஸ்டுகள் சிலர் அவர் பக்கம் சாய்ந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் 1917 மார்ச்சில் இரண்டாம் முறை பதவியேற்ற வில்சன், ஏப்ரலிலேயே நாட்டைப் போருக்குள் கொண்டுசென்றார். கட்டாய ஆள்சேர்ப்பும், போரை எதிர்த்துப் பேசுவோரைச் சிறையில் தள்ளப் பயன்பட்ட சட்டமும் அடுத்தடுத்து வந்தன. எது வீணான வாக்கு என்று அன்று வில்சனை நம்பியவர்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

போரை அறிவிப்பவர்கள் ஒரு வகுப்பார், அதில் மடிபவர்கள் வேறொரு வகுப்பார் என்று 1918 ஜூன் 16 அன்று ஒஹையோவின் கேன்டன் நகரில் பேசியதற்காக டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அட்லாண்டா சிறையில் கைதி எண் 9653 ஆக இருந்தபடியே 1920இல் அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். கூட்டம் நடத்தவும் ஊர் ஊராகச் செல்லவும் முடியாத அவருக்கு 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். நாடெங்கும் பெண்கள் வாக்குரிமை பெற்று மொத்த வாக்குகள் பெருகியிருந்ததால், விகிதத்தில் இது 1912ஐவிடக் குறைவுதான். ஆயினும் போரை எதிர்த்ததற்காக ஒருவரைக் குற்றவாளியாக்கியதை ஏற்க மறுத்தவர்களின் எண்ணிக்கை, அரசே எண்ணி வெளியிட்ட முடிவுகளில் ஏறிவிட்டது. போர் முடிந்த பின்னும் வில்சன் அவரை விடுவிக்க மறுத்தார். அடுத்து வந்த ஹார்டிங் 1921 கிறிஸ்துமஸ் நாளில் விடுவித்தார். வாக்குகளோடு பொதுமன்னிப்பு இயக்கத்தின் விடாமுயற்சிக்கும் அதில் பங்குண்டு.

2024க்கு வருவோம். காசா போரில் அமெரிக்காவின் ஆயுத உதவியை எதிர்த்து, மிச்சிகன் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய முதற்கட்டத் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்குச்சீட்டில் இருந்த 'எவருக்கும் உறுதியளிக்கவில்லை' என்ற தெரிவுக்கு வாக்களித்தனர். அது பிப்ரவரி மாதம். நவம்பர் பொதுத்தேர்தலுக்குக் கட்சிக்கு இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய கட்சி மாநாடு, பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவர் மேடையேறிப் பேசக்கூட இடம் தரவில்லை. நவம்பரில், அரபு அமெரிக்கர்கள் நிறைந்த டியர்போர்ன் நகரில் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் ஏறத்தாழ 18 விழுக்காடு பெற்றார். அங்கும் மாநிலத்திலும் குடியரசுக் கட்சியின் டிரம்ப் முந்தினார். ஸ்டைனுக்கு விழுந்தவை அனைத்தும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிசுக்குச் சென்றிருந்தாலும் மிச்சிகனின் முடிவு மாறியிராது என்பதை எண்ணிக்கையே காட்டுகிறது. உறவினர்களைப் போரில் இழந்து நின்ற அந்த வாக்காளர்கள் மீது பழி சுமத்துவோர், கட்சி கைநழுவவிட்ட அந்த எட்டு மாதங்களைப் பற்றிப் பேசுவதேயில்லை.

வணக்கம்.