புங்கம்பூவும் முட்டை அட்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பள்ளியில் பெருக்குகிற வேலை இரண்டு மடங்காகிவிடும். காலையில் பெருக்கிய வாசலில் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் புங்கமரம் மறுபடி பொரியைக் கொட்டி வைத்திருக்கும். புங்கம்பூவைப் பொரி என்று சொன்னது நானில்லை, சங்ககாலத்துப் புலவர்களே சொல்லிவிட்டார்கள். பின்பக்கம் ஒரு வேம்பு. கை கழுவ வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் தலையெல்லாம் வேப்பம்பூவாக இருக்கும்.

இத்தனையும் வாசலில் கிடக்கும்போது, சில வருடங்களுக்கு முன் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். இணையத்தில் வெளிநாட்டு வகுப்பறைப் படங்களைப் பார்த்து மயங்கி, டவுனுக்குப் போய் கலர் சார்ட், தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ எல்லாம் வாங்கி வந்தேன். கைக்காசு அறுநூறு ரூபாய்க்கு மேல். இரண்டு நாள் ராத்திரி கண்விழித்து வெட்டி ஒட்டி, வகுப்பில் ஒரு வசந்தகால மூலை அமைத்தேன். ட்யூலிப் பூ, உருகுகிற பனிமனிதன், கூடையில் முயல்குட்டி. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தப் பூவைத் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது எந்த ஊர்ல பூக்கும்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நானும் ட்யூலிப்பைப் படத்தில்தானே பார்த்திருக்கிறேன்!

அன்றைக்கு ஆரம்பித்த வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, காசு அதிகம் செலவழிக்காமல், நம் ஊர் இளவேனிலை வைத்தே கற்றல் மூலைகள், அதாவது வகுப்பறையிலேயே பிள்ளைகள் தாங்களாகச் செய்து கற்கிற சின்னச் சின்ன இடங்கள், அமைப்பது எப்படி என்பதுதான் பேச்சு.

மூலை எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். நான் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கும்போது மற்ற இரண்டு வகுப்பும் என்ன செய்யும்? அவர்கள் கைக்கு வேலை வேண்டும், அதுவும் நான் பக்கத்தில் இல்லாமலே ஓடுகிற வேலையாக வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியினர் கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கிற செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுக்க வந்தது. பாயும் அட்டைகளுமாகப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும். 2022-இல், சிறு வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோதும் குழுவாக உட்கார்ந்து செய்கிற வேலைதான் அடிப்படை.

இன்னொரு சிக்கல் உண்டு. கணக்குப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அப்போது பள்ளி கிட்டத்தட்ட மூடியே கிடக்கும். ஆனால் மரம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. மாசிக் கடைசியிலேயே இலை உதிர்த்து, பங்குனியில் கொழுந்து விட்டு, பூத்தும் விடுகிறது. ஆகவே மார்ச் இரண்டாவது வாரம் ஆரம்பித்தால் கோடை விடுமுறைக்கு முன் நான்கு வாரமாவது கிடைக்கும்.

முதல் வருடம் ஐந்து மூலை வைத்தேன். ஒரே ரகளை. எந்த மூலையில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கே பொழுது போய்விட்டது. இப்போது மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். மூலைக்கு ஐந்தாறு பிள்ளைகள், இருபது நிமிடம். டம்ளரில் கரண்டியால் தட்டினால் இடம் மாற வேண்டும். எல்லை தெரிவதற்கு ஒவ்வொரு மூலையிலும் ஒரு பழைய சாக்கு விரிப்பு.

முதலில் எண் மூலை. இதற்கு எங்கள் சத்துணவுக் கூடத்துச் சமையல் அக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பள்ளிக்கு முட்டை வருகிறது, முட்டையோடு அட்டையும் வருகிறது. ஓர் அட்டையில் முப்பது குழி, ஐந்து ஆறாக. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி உள்ள மூன்று துண்டு கிடைக்கும். கடையில் பத்துச் சட்டம் என்று பிளாஸ்டிக்கில் விற்பது இதைத்தான். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: எச்சம் பட்டது, முட்டை உடைந்து ஒழுகியது எதையும் எடுக்கக் கூடாது. நல்ல அட்டையையும் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்த பிறகே வகுப்புக்குள் விடுவேன். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதும் மூலையின் சட்டம்.

குழியில் போடுவதற்குப் புளியங்கொட்டை. இது புளி உலுக்குகிற காலம், வீட்டுக்கு வீடு கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளிடம் சொன்னால் மறுநாளே பை பையாக வந்து சேரும். தாயக்கட்டத்துக்குச் செய்வதுபோல ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்ட் தரையில் தேய்த்தால் வெள்ளையாகிவிடும். தேய்க்கிறபோது கொட்டை சுடும், பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைப்பார்கள், அழுகை வரும். அதைத் தடுக்க என்னால் இதுவரை முடியவில்லை. நாமும் செய்ததுதானே.

ஆட்டம் சுலபம். பத்துக் கொட்டையைக் கொட்டாங்குச்சியில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்ட வேண்டும். ஏழு கறுப்பு, மூன்று வெள்ளை விழுந்தால் அப்படியே குழியில் அடுக்கி, சிலேட்டில் 7 + 3 என்று எழுத வேண்டும். அடுத்த முறை ஆறும் நாலும் விழும். நாலைந்து நாளில், வெள்ளையை எண்ணிப் பார்த்ததுமே கறுப்பு எத்தனை என்று எண்ணாமல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பத்தைப் பிரிப்பதும் சேர்ப்பதும் கைவந்துவிட்டால் பின்னால் கடன் வாங்கிக் கழிப்பது அவ்வளவு பயமாக இருக்காது. மூன்றாம் வகுப்புக்கு வெட்டாத முழு அட்டை. இப்படிப் பிடித்தால் ஐந்து ஆறு முப்பது, திருப்பிப் பிடித்தால் ஆறு ஐந்து முப்பது. வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்த பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானா டீச்சர்? அப்ப எதுக்கு ரெண்டையும் மனப்பாடம் பண்ணச் சொன்னீங்க?" என்றான்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஒருமுறை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டது. அன்று நான் பட்ட பாடு! அதிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் தண்ணீர் பாட்டில் மூடிதான். அதற்கும் உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டே, ஆட்டம் கெடாது. அப்புறம், குன்றிமணி அழகாக இருக்கிறது என்று யாரும் வகுப்பில் வைக்காதீர்கள். உடைத்தோ கடித்தோ விழுங்கினால் கடும் விஷம். ஆமணக்கு விதை, அரளி, ஊமத்தை இவையும் அப்படித்தான். "பூப் பறித்து வா" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த மரத்தடியில் பொறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது நல்லது.

அடுத்தது முளை மூலை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோவிலில் முளைப்பாரி எடுப்பார்கள். வீட்டில் பாட்டி முளை போடுவதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. ஆகவே விதை முளைப்பதை நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் உள்ள பாதிக் கொட்டாங்குச்சியாகப் பார்த்து எடுத்து, மெதுவான கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால் தண்ணீர் தேங்காது. மண்ணும் மக்கிய எருவும் போட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்த பாசிப்பயறு நாலைந்து போட வேண்டும். கம்பு, வெந்தயம், கொண்டைக்கடலை என்று ஆளுக்கு ஒன்றாகவும் கொடுக்கலாம். சிரட்டை மேல் பெயர் எழுதிய துண்டு ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சண்டை.

தினமும் அளப்பதற்கு ஸ்கேல் தருவதில்லை. தென்னை ஈர்க்கைச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, செடி உயரத்துக்கு வெட்டி, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக ஒட்ட வேண்டும். திங்கட்கிழமைக்கு ஒரு குச்சி, செவ்வாய்க்கு ஒரு குச்சி. சனி ஞாயிறுக்கு இடம் விட்டுவிட வேண்டும். பத்து நாளில் ஏணிப்படிபோல ஒரு படம் வந்துவிடும். பெரிய வகுப்பில் பட்டை வரைபடம் என்று நடத்துகிறோமே, அதை ஏழு வயதில் கையால் செய்து முடித்துவிடுகிறார்கள். திங்கட்கிழமைக் குச்சி ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று கேட்டால், "நாம லீவுல இருந்தோம், அது லீவு போடல" என்று பதில் வரும்.

அதோடு ஒரு பந்தயமும் வைப்பேன். ஒரே அளவு மண், ஒரே அளவு தண்ணீர். ஒரு சிரட்டை ஜன்னலில், இன்னொன்று மூடிய அட்டைப் பெட்டிக்குள். எது உயரமாக வளரும்? எல்லாரும் ஜன்னல் பக்கம்தான் கை தூக்குவார்கள், வெளிச்சம் இருக்கிறதே என்று. ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் இருட்டில் இருந்ததுதான் நெடுநெடுவென்று நிற்கும், வெளிறிய மஞ்சளாக, ஊதினால் சாய்கிற மாதிரி. ஜன்னலில் இருப்பது குட்டையாக, பச்சையாக, தண்டு தடித்து நிற்கும். வெளிச்சத்தைத் தேடித்தான் அது அப்படி நீண்டிருக்கிறது. "அதான் பாட்டி முளைப்பாரியை இருட்டு ரூம்ல வைக்குதா!" என்று ஒரு வருடம் ஒரு பிள்ளை கத்தியது. அந்தப் பெட்டிச் செடியை வெயில் படுகிற இடத்தில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் பச்சை பிடிப்பதையும் பார்க்கலாம். இந்தப் பாடத்துக்கு ஆன செலவு ஒரு கைப்பிடி பயறு.

மூன்றாவது சொல் மூலை. தமிழ் மாதிரி மொழி கையில் இருக்கும்போது இதற்குச் செலவே கிடையாது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைக்குக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூவின் பருவத்துக்கு நம்மிடம் ஏழு பெயர் உண்டு: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். சிறு பிள்ளைகளுக்கு ஏழும் வேண்டாம், மூன்று போதும், கூடவே கீழே விழுந்த பூவுக்கு வீ. ஒரு புங்கங்கொத்தைச் சாக்கின் மேல் வைத்து, பெயர் எழுதிய அட்டைகளைப் பொருத்தச் சொல்வேன். ஒரே கொத்தில் அரும்பும் இருக்கும், மலரும் இருக்கும். "நான் இன்னும் அரும்புதான்" என்று முகம் சுண்டிப்போயிருந்த பையன் அந்தக் கொத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இலைக்கும் இப்படியே: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று பொறுக்கி வந்து வரிசையாக அடுக்கலாம். மாந்தளிரின் செம்பு நிறம், அரசங்கொழுந்தின் இளஞ்சிவப்பு, வேப்பங்கொழுந்தின் பழுப்புச் சிவப்பு என்று இலைகளிலேயே எத்தனையோ நிறம். பிஞ்சுக்கும் தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் பட்டியல் தந்திருக்கிறார்: மாவுக்கு வடு, வாழைக்குக் கச்சல், தென்னைக்குக் குரும்பை, பலாவுக்கு மூசு. வடு மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியும், ஊறுகாய் புண்ணியத்தில்.

எழுத்துக்கும் ஈர்க்குத்தான். நேர்கோடு உள்ள ட, ப இரண்டையும் ஈர்க்கை ஒடித்தே செய்துவிடலாம். வளைவான எழுத்துக்கு ஈரச் சணல், அல்லது பழைய தட்டில் பரப்பிய மணல்.

வெள்ளிக்கிழமை மட்டும் ஜன்னலோரம் ஒரு வேலை. பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, குயில் எத்தனை முறை கூவுகிறது என்று கோடு போட வேண்டும். ஐந்தாவது கோடு குறுக்கே. வகுப்பு அமைதியாக இருக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. கூவுகிற கறுப்புக் குயில் ஆண், பெட்டை உடம்பெல்லாம் புள்ளி என்று சொன்னால் பெரியவர்களே நம்ப மாட்டேன் என்கிறார்கள். கூவுகிற குயிலைப் பெண்ணாகவே பாடுகிற சினிமாப் பாட்டின் வேலை அது.

கணக்குப் பார்த்தால், இந்த முறை நான் காசு கொடுத்து வாங்கியது கோந்தும் சணலும் இரண்டு ஸ்கெட்ச் பேனாவும் மட்டுந்தான். நூறு ரூபாய் ஆகவில்லை.

சரி, ஏப்ரலில் பள்ளி மூடும்போது என்ன செய்வது? சருகும் பூவும் எருக்குழிக்கு. செடிகள் அவரவர் வீட்டுக்கு. முட்டை அட்டையை வைத்திருக்க வேண்டாம், எலி வரும், புதிதாகத்தான் கிடைக்கப்போகிறதே. தேய்த்த புளியங்கொட்டையை மட்டும் நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலை நாலு போட்டு, மூடி இறுக்கமான டின்னில் வையுங்கள். ஜூனில் திறந்ததும் முதல் நாளே வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.