பிக்கப் வண்டிக்கு முதலில் டயர், பிறகு பட்டை, கடைசியில்தான் ரிம்

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் ஓர் இரைச்சல் கேட்கும். அது தகரக் கூரையில் விழுகிற மழை. இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்து நான்கு நாட்களாகின்றன, இன்னும் விட்டபாடில்லை. வெளியே எங்கும் போக வழியில்லாததால், ரப்பர் ஷீட் அடிக்கிற இந்தக் கொட்டகையில் வண்டியை நிறுத்திக்கொண்டு, நீங்கள் நெடுநாளாகக் கேட்டுவருகிற விஷயத்தை இன்று பேசிவிடுகிறேன்.

பிக்கப் வாங்கியவர்கள் எனக்கு எழுதும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறீர்கள். எந்த அலாய் ரிம் போட்டால் எடுப்பாக இருக்கும்? வண்டியை எத்தனை அங்குலம் தூக்கலாம்? நான் வரிசையை மாற்றிச் சொல்லப் போகிறேன். முதலில் டயர். அடுத்து, பின்னால் பாரம் தாங்குகிற பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். ரிம் கடைசி. ரிம்மில் தொடங்கிய காரணத்தால் நான் நான்கு மாதம் ஆபத்தோடு வண்டி ஓட்டியிருக்கிறேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வண்டி இசுசு வி-கிராஸ். கம்பெனியிலிருந்து வந்த டயர் 255/60 ஆர் 18. எங்கள் தோட்டத்துப் பாதையில் பாதி செம்மண், பாதி பாறை. 18 அங்குல ரிம்மில் டயரின் பக்கச் சுவர் குட்டையாக இருப்பதால் ஒவ்வொரு கல்லின் அடியும் நேராக ரிம்முக்குப் போகிறது. ஆகவே 17 அங்குலத்துக்கு இறங்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரியானது. தவறு நடந்தது ரிம் வாங்கிய இடத்தில். வெளியூரில் ஒரு கடையில், "இது டொயோட்டா ஹைலக்ஸ் ரிம், உங்கள் வண்டிக்கும் அதே ஆறு போல்ட்தான்" என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார்கள். போல்ட் கணக்கு உண்மைதான். இரண்டு வண்டிக்கும் ஆறு போல்ட், அவை நிற்கிற வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர். மாட்டினால் உட்காரும், நட்டும் இறுகும்.

ஆனால் ஆரல்வாய்மொழி நான்குவழிச் சாலையில் 80-ஐத் தொட்டவுடன் ஸ்டியரிங் நடுங்கியது. மூன்று முறை பேலன்சிங் செய்தேன், அலைன்மென்ட் பார்த்தேன், டயரை முன்னும் பின்னும் மாற்றினேன். நடுக்கம் போகவே இல்லை. கடைசியில் தக்கலையில் ஒரு மூத்த மேஸ்திரி கண்டுபிடித்தார். அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றினார், டார்ச் அடித்தார், இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைச் சேர்த்துப் பிடித்து, சக்கரம் மாட்டுகிற அச்சு முனையான ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே செருகினார். தடையே இல்லாமல் உள்ளே போயின. "தம்பி, இந்தச் சக்கரம் ஹப்பில் உட்காரவே இல்லை. போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது" என்றார்.

விளக்கம் இதுதான். வி-கிராஸின் ஹப் 100.1 மில்லிமீட்டர். ஹைலக்ஸ் ரிம்மின் நடுத்துளை 106.1. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி. ரிம் ஹப்பின் மேல் கச்சிதமாகப் பிடித்து உட்கார்ந்தால்தான் சக்கரம் நடுமையம் தப்பாமல் சுழலும். இங்கே அந்தப் பிடிப்பு இல்லாததால் மையம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. நட்டுகளைக் கழற்றியபோது இரண்டு போல்ட்டின் மரை தேய்ந்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்தச் சக்கரங்களோடுதான் நான்கு மாதம் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய்வந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உள்ளங்கை குளிர்கிறது. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. சில நூறு ரூபாய்ப் பொருள். கடைக்காரர் அதைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. நீங்கள் ரிம் வாங்கினால் போல்ட் வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். நடுத்துளை எத்தனை என்று கேளுங்கள். நட்டின் அடி கூம்பா, தட்டையா என்றும் பாருங்கள். தட்டை நட்டுக்கான ரிம்மில் கூம்பு நட்டைப் போட்டால் பிடிப்பது விளிம்பு மட்டும்தான்.

இனி டயர். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். 255/60 ஆர் 18 என்றால் டயரின் அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 153. மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 18 அங்குல ரிம். கூட்டினால் மொத்த உயரம் 763 மில்லிமீட்டர். இப்போது 255/65 ஆர் 17-ஐ எடுங்கள். சுவர் 166 வருகிறது, மொத்த உயரம் மறுபடியும் அதே 763! உயரம் மாறவில்லை, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் இழுவையும் அப்படியே இருக்கும். ஆனால் பாறைக்கும் ரிம்முக்கும் நடுவே 13 மில்லிமீட்டர் ரப்பர் கூடுதலாகக் கிடைக்கிறது. 2016-ல் வி-கிராஸ் நம் நாட்டுக்கு வந்தபோது கம்பெனியே போட்டுக் கொடுத்த அளவும் இதுதான். இதோ என் வண்டியில் இருப்பது அது.

இதே இடத்தில் பலர் 285/60 ஆர் 18 போடுகிறார்கள். அதன் உயரம் 799. கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுகிறது. முள் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 105-ஐ ஒட்டி ஓடுகிறது. கீரிப்பாறைப் பக்கம் ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது இரண்டாவது கியரில் திணறும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உள்ளே உரசும். வண்டிக்கு அடியில் தொங்குகிற ஸ்டெப்னி இடத்தில் இந்த டயர் அடங்குமா என்று யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டு, பஞ்சராகும் நாளில் அதை மாட்டி நான்கு சக்கர இழுவையைப் போட்டால், சின்ன டயரும் பெரிய டயரும் சேர்ந்து கியர் பெட்டியை முறுக்கும். மாற்றுகிறவர்கள் ஐந்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

அடுத்தது டயரின் வகை. சேற்றுக்கென்று வருகிற எம்.டி. டயர் பார்க்க முரட்டுத்தனமாக, அழகாக இருக்கும். நம் மாவட்டத்துக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நமக்கு இரண்டு பருவமழை. இடவப்பாதியில் ஒன்று, துலாமாதமான ஐப்பசியில் இன்னொன்று. மாதக்கணக்கில் நனைந்த தார்ச் சாலையில்தான் ஓடுகிறோம். எம்.டி. டயரில் கட்டைகள் பெரிது, இடைவெளி பெரிது, தண்ணீரை அறுக்கிற மெல்லிய கீறல்கள் குறைவு. மார்த்தாண்டம் மேம்பால இறக்கத்தில் மழை நேரத்தில் பிரேக் மிதித்தால் வித்தியாசம் காலில் தெரியும். தார், செம்மண் இரண்டுக்கும் பொதுவான ஏ.டி. டயர் நமக்குப் போதும். தோட்டத்துக்குள் போகாதவர்களுக்குச் தார்ச் சாலைக்கென்று வருகிற சாதாரண எச்.டி. டயரே நல்லது.

கேமராவை டயருக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். இந்தச் சுவரில் 110 என்று ஓர் எண் தெரிகிறதா? ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும் என்பதற்கான குறி அது. கம்பெனி டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற எழுத்து வேகத்துக்கு; எஸ் என்றால் 180 கிலோமீட்டர். இன்னும் கொஞ்சம் திருப்பினால், இந்த நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. தள்ளுபடியில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் இந்த நான்கு இலக்கத்தைத் தடவிப் பாருங்கள். ரப்பர் வயதாகிற பொருள் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதோ மேலே தொங்குகிற ஷீட், புகையூட்டிய ரப்பர் ஷீட்டுக்கான ஆர்.எஸ்.எஸ். 4 தரத்தில் டயர் கம்பெனிகளுக்குத்தான் போகிறது. விடியற்காலையில் எங்கள் வீட்டார் வெட்டிய பால், கிழிபடாமல் பாரம் தாங்குகிற குணத்துக்காக டயருக்குள் போய் நம் வண்டிக்கே திரும்பி வருகிறது. டயரை அக்கறையோடு வாங்க எனக்கு அது ஒன்றே போதும்.

இனி பட்டை. பின்னால் குனிந்து காட்டுகிறேன். இதுதான் கமான் பட்டை. நம் கொல்லன் உலைகளில் வெட்டுக்கத்தி அடிப்பது இதே இரும்பில்தான், அவ்வளவு உரமானது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட், இரண்டு பக்கமும் யூ போல்ட். என் பழைய பட்டையில் மேல்வரி வளைவு போய்த் தட்டையாகிவிட்டது. பட்டைகளுக்கு இடையில் செம்மண் இறுகி ஒட்டிக்கொண்டு, அசைய வேண்டிய இரும்பு அசையாமல் கிடந்தது. குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்று சேர்வதால் இதைவிட மோசம். பட்டை பட்டையாகத் துரு உரிவதைப் பார்த்திருக்கிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள்.

புதிய பட்டை வாங்கப் போனால் எத்தனை கிலோவுக்கு என்று கேட்பார்கள். அங்கேதான் நம்மவர்கள் பெருமைக்காக அதிகம் சொல்லிவிடுகிறார்கள். நான் ஒரு மாதம் குறித்து வைத்தேன். ஷீட்டுக் கட்டு, மட்டி வாழைக்குலை, பருவத்தில் சக்கை என்கிற பலாப்பழம், எதை ஏற்றினாலும் பெரும்பாலான நாட்களில் 200 கிலோவுக்குள்தான். 500 கிலோ பட்டையைப் போட்டிருந்தால் வெறும் வண்டியாகப் போகிற நேரமெல்லாம் பின்பக்கம் துள்ளியிருக்கும். துள்ளுகிற சக்கரம் சாலையைப் பிடிக்காது. ஆகவே கம்பெனி உயரத்திலேயே, 200 கிலோவுக்குப் பொருத்தமான பட்டை போட்டேன். கூடவே நான்கு ஷாக் அப்சர்பரும் புதிது. பட்டை பாரத்தைத் தாங்கும், ஆட்டத்தை நிறுத்துவது ஷாக். ஒன்றை மாற்றி மற்றதைப் பழையதாக விட்டால் பாதி வேலைதான்.

தூக்குவதைப் பற்றி என் எண்ணம் உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நான் தூக்கவில்லை, தூக்கப் போவதுமில்லை. முன்பக்கம் ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் இன்ஜின் பக்கத்திலிருந்து சக்கரத்துக்கு வருகிற அச்சு கூடுதல் கோணத்தில் சரிந்து, அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். சில பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி உண்டு. பாரம் ஏறியிருக்கிறதா என்று அளந்து பின் பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது அதுதான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாவிட்டால், வண்டி காலியாக இருக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும். பாரம் ஏற்றிய நாளில் பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும்.

இதற்கெல்லாம் மேலே நம் காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாயைக் கடந்தவர்களுக்குத் தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. பக்கவாட்டில் அறைகிற அந்தக் காற்றில், உயரம் கூட்டிய வண்டி ஒரு தடம் தள்ளிப் போவதை என் நண்பர் வண்டியில் உட்கார்ந்து அனுபவித்திருக்கிறேன்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில், மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்திருக்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் தேடுவதும் இந்த மாற்றங்களைத்தான்.

ரிம் விஷயத்தை முடித்துவிடுகிறேன். இப்போது போட்டிருப்பது 17 அங்குல அலாய், நடுத்துளை 100.1, எனவே ஹப் ரிங் தேவைப்படவில்லை. ஆஃப்செட், அதாவது ஹப்பில் பதிகிற பகுதி ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கிற தூரம், அதையும் கம்பெனி ரிம்மை ஒட்டியே எடுத்தேன். பிளஸ் 30 இருந்த இடத்தில் சைஃபர் ஆஃப்செட் ரிம் போட்டால் ஒவ்வொரு சக்கரமும் 30 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க அகலமாகத் தெரியும், ஆனால் வீல் பேரிங் அந்தப் பாரத்தை இழுத்துப் பிடித்தே தேயும். மட்கார்டுக்கு வெளியே நிற்கிற டயர் வாரியடிக்கிற சேறு பின்னால் பைக்கில் வருகிறவர் முகத்தில் போய் விழும். முழுக்க முழுக்க மலைத் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு நான் இரும்பு ரிம்மைத்தான் சொல்வேன். அடிபட்டால் வளையும், பட்டறையில் தட்டி எடுக்கலாம். அலாய் விரிசல் விட்டால் அத்தோடு சரி.

மாட்டி முடித்த பிறகு நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். பட்டையின் யூ போல்ட்டையும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். புதுப் பட்டை உட்கார்ந்து படியும்போது அது தளரும்.

மழை கொஞ்சம் தணிந்த மாதிரி இருக்கிறது. இன்றைய ஷீட்டுக் கட்டுகளை ஏற்றும் நேரம். ஏற்றுவதற்கு முன் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இங்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஏற்றி முடித்ததும் அதே இடத்தில் அளந்து, பட்டை எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று காட்டுகிறேன். கேமராவை இந்தத் தூணில் கட்டி வைக்கிறேன், இருங்கள்.