அஞ்சுமா எங்கே?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பாயி பழங்கதை பேச உட்கார்ந்தால் 'அஞ்சுமா' என்ற வயல் வராமல் இருக்காது. அஞ்சுமாவில் நாற்று நட்டது, அஞ்சுமா வரப்பில் நல்ல பாம்பைப் பார்த்தது என்று போகும் பேச்சு. வீட்டில் இருந்த பட்டாவிலோ அந்தப் பெயரே இல்லை. 114/3பி என்று ஒரு சர்வே எண், 22.5 ஏர் (ஒரு ஏர் நூறு சதுர மீட்டர்) என்று ஒரு பரப்பு. சென்ட் கணக்கில் 55 சொச்சம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய நில அளவில் 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். அப்படியானால் அஞ்சு மா என்பது 165 சென்ட்டுக்கு மேல் வர வேண்டும். எங்களிடம் இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. தாத்தாவோடு பிறந்தவர் ஒரே ஒரு தம்பி என்றுதான் வீட்டில் சொல்லி வந்தார்கள். இரண்டு பேர் பிரித்துக்கொண்ட நிலம் எப்படி மூன்றில் ஒரு பங்காகும்? என் தேடல் இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

வயலின் பெயரைத் தேட முதலில் நினைவுக்கு வரும் வரைபடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேவாலயத்துக்குத் தர வேண்டிய பத்தில் ஒரு பங்கு வரியைப் பணமாக்குவதற்காக ஊர் ஊராக வரைபடம் போட்டார்கள். அதோடு சேர்ந்த பட்டியலில் நிலத்துக்காரர், பயிர் செய்கிறவர், பெரும்பாலும் வயலின் பெயர், எல்லாம் இருக்கும். நமக்கு அப்படி அமையவில்லை. சென்னை மாகாணத்தில் 1850-களின் பிற்பகுதியில் தொடங்கிய சர்வேயில், 66 அடிச் சங்கிலி போட்டு வயல் வயலாக அளந்து வயலுக்கொரு எண் கொடுத்துவிட்டார்கள். கிராமப் படத்தில் ஏரி தெரியும், கோயில் தெரியும், வாய்க்கால் தெரியும். வயலின் பெயர் மட்டும் தெரியாது.

அது பத்திரத்தில் இருக்கிறது. பழைய கிரயப் பத்திரத்தின் கடைசியில் செக்குபந்தி என்று ஒரு பகுதி வரும். இன்னார் வயலுக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று நான்கு எல்லையும் சொல்லும். இது ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கமல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் இன்ன வதிக்கு (பாதைக்கு) மேற்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாம் கண்ணாற்று (கிளை வாய்க்கால்) இத்தனையாம் சதுரம் என்றுதான் நிலத்தைக் குறிக்கிறார்கள். ஆயிரம் வருடத்துப் பழக்கம் நம் பத்திர எழுத்தர் கைவரை வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

சரி, எண்ணையும் பெயரையும் எப்படிச் சேர்ப்பது? ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவுப் படமான புலப்படத்தை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். அதில் உட்பிரிவுக் கோடுகளைக் கவனியுங்கள். எங்கள் 114/3, ஏ, பி, சி என மூன்று நீளத் துண்டுகளாக இருந்தது, மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில். அப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு, பழைய பத்திரத்தின் நகல் வாங்கினோம். ஒரு எச்சரிக்கை: பழைய பத்திரத்தில் இருப்பது பைமாஷ் (சர்வேக்கு முந்தைய பழைய நில அளவை) எண்ணாகவோ மறு அளவைக்கு முந்தைய சர்வே எண்ணாகவோ இருக்கலாம். அதை இன்றைய எண்ணோடு அப்படியே பொருத்தினால் அடுத்தவர் வயலில் போய் நிற்பீர்கள். பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் கோரிலேஷன் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

இனாம் நிலம் (வரியில்லாமலோ குறைந்த வரியிலோ மானியமாக விட்ட நிலம்) வைத்திருந்த குடும்பமென்றால் உங்களுக்குப் பெரிய புதையல் உண்டு. 1860-களில் எழுதிய இனாம் பதிவேடுகள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இனாம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, அப்போது அனுபவிக்கிறவர் யார், அவர் வயது என்ன, முதல் ஆளுக்கு அவர் என்ன உறவு என்று அதில் கேட்டு எழுதியிருப்பார்கள். ஆண்டு பசலியில் (வருவாய்க் கணக்கு ஆண்டில்) இருந்தால், ஆங்கில ஆண்டுக்கு 590 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் பெயரை மட்டும் நம்பி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். உங்கள் வயலுக்குத் தச்சன் மானியம் என்று பெயர் இருப்பதால் உங்கள் பாட்டன் தச்சர் என்று ஆகிவிடாது. தச்சருக்கு ஊர் விட்டிருந்த நிலம் பிறகு கைமாறி உங்களிடம் வந்திருக்கலாம். நிலம் விற்றாலும் பெயர் நிலத்தோடேயே தங்கிவிடும்.

எங்கள் பத்திரத்தில் கிழக்கெல்லை இப்படி இருந்தது: 'அஞ்சுமா என்கிற நஞ்சையில் நம் தமையனார் பாகத்துக்கு மேற்கு.' தமையனார்! தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார். இதைக் கேட்டதும் அப்பாயி வெகுநேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னார்: நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர், கடிதம் நின்றுபோனதும் அவர் பேச்சையே வீட்டில் எடுக்காமல் விட்டுவிட்டார்களாம். தன் பாகத்தைப் போகும்போதே விற்றுவிட்டுப் போயிருக்கிறார்.

அப்பாயி இப்போது இல்லை. நாங்கள் எங்கள் துண்டையும் எப்போதோ விற்றுவிட்டோம். போன தை மாதம் போய் நின்றபோது, அறுப்பு முடித்துக் கரையில் உட்கார்ந்திருந்தவரிடம் இது எந்த வயல் என்று கேட்டேன். அவருக்கு எங்களைத் தெரியாது.

"அஞ்சுமாங்க" என்றார்.